ஓடைப் பூச்சி: வாயோடு வயிற்றையும் பாருங்கள்

ஓடைநீரின் நிலையைப் பூச்சிகளை வைத்து மதிப்பிடும்போது, பிடிபட்ட லார்வாவின் (இளம்பூச்சியின்) பேரினம் தெரிந்ததும் அட்டவணையைப் பார்த்து ‘இலை நறுக்கி’, ‘சுரண்டி’, ‘வடிகட்டி’, ‘வேட்டையாடி’ என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்க ஓடைச் சூழலியலாளர் கென்னத் கம்மின்ஸ் 1970-களில் வட அமெரிக்க ஓடைகளை வைத்து வகுத்த பகுப்பு இது. இரையை எடுக்கும் முறையைத்தான் அது சொல்கிறது. எதைத் தின்றது என்பது வேறு கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாயையும் குடலையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

வாயைப் பார்க்க, லார்வாவை மல்லாத்தி ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழ் வையுங்கள். மேலுதட்டை நுண் ஊசியால் நீக்கினால் தாடைகள் தெரியும். பாறையோடு ஒட்டித் தட்டையாக இருக்கும் ஹெப்டஜீனிட் மேஃப்ளை என்ற பூச்சியின் லார்வாவுக்குத் துணைத்தாடையில் தூரிகை போன்ற மயிர்வரிசை உண்டு, பாசிப்படலத்தைத் துடைத்தெடுக்க. சிமுலியம் என்ற கருப்பு ஈயின் லார்வா, பாறையில் தான் ஒட்டிய பட்டுத் திண்டைப் பின்முனைக் கொக்கிகளால் பற்றிக்கொண்டு, தலையின் இரு விசிறிகளை நீரோட்டத்தில் விரித்து நுண்துகள்களைப் பிடிக்கும். தும்பி லார்வாவின் கீழுதடு தலைக்கடியில் மடங்கியிருந்து, இரை நெருங்கியதும் பாய்ந்து நீளும்.

ஆனால் தாடை சொல்லாததும் உண்டு. ஸ்டோன்ஃப்ளை என்ற ஓடைப் பூச்சிகளில் பெர்லிடே குடும்பத்தவை வளர்ந்தபின் வேட்டையாடினாலும், குட்டியாக இருக்கையில் மக்கிய இலைதழைத் துகள்களைத் தின்னும். அளவைக் குறிக்காமல் பெயரை மட்டும் எழுதினால் கணக்கு புரளும். இரையின் சாற்றை உறிஞ்சும் இனங்களின் குடலிலோ துண்டுகளே இராது. அது பட்டினி கிடந்ததாக எழுதிவிடாதீர்கள்.

குடல் பார்க்க நினைத்தால் பிடித்தவுடன் 80% எத்தனாலில் போடுங்கள். உயிரோடு வைத்தால் செரித்துவிடும். வேட்டையாடிகள் அதே டப்பாவில் மற்றதைத் தின்றும் தீர்க்கும். உடல்நீர் கலந்து ஆல்கஹால் நீர்த்துப்போவதால் மறுநாள் மாற்றுவது அவசியம். பிறகு முன்குடலைப் பிரித்து, உள்ளே இருப்பதை ஒரு சொட்டு கிளிசரினில் பரப்பினால் டயாட்டம் என்ற நுண்பாசியின் ஓடு, இலைத் துணுக்கு, பூச்சிக் கால் எல்லாம் தனித்தனியே தெரியும்.

வெப்பமண்டல ஓடைகள் பலவற்றில் இலை நறுக்கும் பூச்சிகள் குறைவு. அந்த வேலையில் நண்டும் இறாலும் பங்கெடுக்கும். எனவே வலையில் இலை நறுக்கிகள் சிக்கவில்லை என்பதற்காக ஓடை கெட்டதென்று முடிவுகட்டிவிட முடியாது. கரையிலிருந்து மண் சரிந்து பாறைமேல் வண்டல் படிந்திருக்கிறதா பாருங்கள். வண்டல் பாசிப்படலத்தை மூடினால் சுரண்டிகள் குறையும், மக்கிய துகள்களைப் பொறுக்கித் தின்பவை பெருகும்.