நாயோடு பாத்தாமுக்குப் படகில் போகுமுன்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிங்கப்பூரில் என் கால்நடை மருந்தகக் கதவை மூடப்போகும் நேரத்தில் ஒரு தம்பதியர் தங்கள் நான்கு வயது லேப்ரடாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாய்க்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் நண்பர் ஒருவரின் உல்லாசப் படகில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவிலுள்ள நோங்சா படகுத்துறைக்குப் போய் ஞாயிறு மாலை திரும்புவது அவர்கள் திட்டம். “நாய் நல்லா இருக்குன்னு ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் கொடுத்தா போதும் டாக்டர்” என்றார் கணவர். நான் எழுதித் தரும் கடிதம் எந்த நாட்டுக் கரையிலும் செல்லாது என்று சொன்னபோது, நான் ஏதோ கட்டணத்துக்காக இழுத்தடிக்கிறேன் என்ற எண்ணம் அவர் முகத்தில் ஒரு கணம் தெரிந்தது. அவர்மீது எனக்கு வருத்தமில்லை. கிழக்குக் கடற்கரையில் நின்றால் பாத்தாமின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவ்வளவு அருகில் இருப்பது வேறொரு நாடு என்பதை மனிதர்களுக்குக் கடவுச்சீட்டு நினைவூட்டிவிடுகிறது. நாய்க்கு அப்படி நினைவூட்ட எதுவுமில்லை.

பலரும் கேட்கும் கேள்வி, நாயைப் படகிலேயே வைத்துக்கொண்டு கரையில் இறக்காமல் திரும்பினால் என்ன என்பது. சிங்கப்பூர்ச் சட்டம் நாய் எங்கே கால் வைத்தது என்று கேட்பதில்லை. நிலவழியோ வான்வழியோ நீர்வழியோ, வெளியிலிருந்து ஒரு விலங்கைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவருவதே இறக்குமதிதான். இங்கேயே பிறந்து, இங்கேயே உரிமம் பெற்று, தெம்பனீஸ் பூங்காவில் தினமும் நடக்கிற நாயாக இருந்தாலும், இந்தோனேசியக் கடலிலிருந்து திரும்பி வரும்போது அது இந்தோனேசியாவிலிருந்து வரும் நாய். தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையின் இறக்குமதி உரிமம் இல்லாமல் அதை உள்ளே கொண்டுவந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இவ்வளவு கடுமைக்குக் காரணம் வெறிநாய்க்கடி நோய். ரேபிஸ் கிருமி கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளையை நோக்கி ஊர்கிறது. அறிகுறி தெரிய சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். அறிகுறி தோன்றிய பின்னர் மனிதரோ நாயோ பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கிருமி உடம்பில் புகுந்த நாய் அந்த இடைக்காலத்தில் வாலை ஆட்டும், சாப்பிடும், பந்தைத் துரத்தும். நான் காது, பல், நெஞ்சு எல்லாம் சோதித்து “ஆரோக்கியம்” என்று எழுதினாலும் அந்தச் சொல்லுக்கு இந்த நோயைப் பொறுத்தவரை எந்தப் பொருளும் இல்லை. நான் கடிதம் தர மறுத்ததற்கு உண்மையான காரணம் அதுதான்.

சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டு முதல் இந்த நோய் இல்லை. மலேசியா 2012இல் நோயற்ற நாடு என்ற நிலையை எட்டியது. 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது, 2017இல் சரவாக்கிலும் தோன்றியது. ஆனால் படகோட்டிகளிடம் நான் எப்போதும் சொல்வது ஃபுளோரஸ் தீவின் கதையைத்தான். இந்தோனேசியாவின் அந்தத் தீவில் முன்பு ரேபிஸ் இருந்ததே இல்லை. 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் நோய் பரவியிருந்த பூத்தோன் தீவிலிருந்து மூன்று நாய்கள் கடல்வழியாக ஃபுளோரஸின் லாரந்துக்காவுக்கு வந்து சேர்ந்தன. நோய் தீவெங்கும் பரவியது. அதைத் தடுக்க ஆயிரக்கணக்கான நாய்களைக் கொன்றும் நோய் போகவில்லை, மனிதர்கள் இறந்தார்கள். அந்தப் படகில் வந்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு வந்திருக்கமாட்டார்கள். தங்கள் நாய்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல் கூட்டி வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பாலித் தீவும் 2008 வரை இந்த நோயை அறிந்ததில்லை.

சரி, முறைப்படி போக என்ன செய்ய வேண்டும்? முதலில் நாயின் உடம்பில் மைக்ரோசிப் இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையிலும் இரத்தப் பரிசோதனைத் தாளிலும் அந்த எண்ணே எழுதப்பட வேண்டும், ஏனெனில் எண் பொருந்தாத தாள் வேறு ஏதோ ஒரு நாயின் தாள். சிங்கப்பூரில் ரேபிஸ் இல்லாததால் இங்குள்ள நாய்கள் பலவற்றுக்கு ஆண்டுதோறும் போடும் ஊசியில் ரேபிஸ் தடுப்பூசி இருப்பதில்லை; உரிமையாளர்களுக்குப் பெரும் அதிர்ச்சி தருவது இதுதான். “எல்லா ஊசியும் போட்டிருக்கோம்” என்பார்கள், அட்டையைப் புரட்டினால் டிஸ்டெம்பர், பார்வோ என்ற வேறு நாய் நோய்களுக்கான ஊசிகள் இருக்கும், ரேபிஸ் இருக்காது. அந்த ஊசியைப் போட்டு, எதிர்ப்புச்சக்தி உருவாகச் சில வாரம் காத்திருந்து, இரத்தம் எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் ரேபிஸ் எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அனைத்துலக அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் தேர்ச்சி. முதல் ஊசியிலேயே எல்லா நாயும் தேர்ந்துவிடுவதில்லை. தேறாத நாய்க்கு மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு.

இது பாதி வேலைதான். போகும் நாட்டின் இறக்குமதி அனுமதியும், அந்த நாடு கேட்கும் படிவத்தில் சிங்கப்பூர் அரசு கால்நடை மருத்துவர் ஒப்பமிட்ட சான்றிதழும் வேண்டும். திரும்பி வருவதற்கு மறுபடி இறக்குமதி உரிமம், அங்குள்ள அரசு மருத்துவரின் சான்றிதழ், உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் குறித்த நாட்களுக்குள் மருந்து கொடுத்ததற்கான சான்று ஆகியவை தேவை. இவற்றையெல்லாம் சேர்த்தாலும், அண்டை நாடுகளிலிருந்து வரும் நாய் நேரே வீட்டுக்குப் போக முடியாது. தனிமைக் காப்பு நிலையத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் இருக்க வேண்டிவரும், அதற்கு இடத்தையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு நாள் உல்லாசத்துக்காக ஒரு மாதம் அடைபடுவதை நாயிடம் கேட்க முடிந்தால் அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன என்பதால், பயணத்துக்குக் குறைந்தது ஆறு மாதத்துக்கு முன்பே அதிகாரபூர்வ இணையத்தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பரின் நண்பர் போன ஆண்டு போய்வந்த கதையை நம்ப வேண்டாம்.

விமானத்தில் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. விமான நிறுவனமே தாள் இல்லாத நாயை ஏற்றாது. உல்லாசப் படகில் அப்படிக் கேட்க யாரும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் படகு குறித்த நங்கூரப் பகுதியில் காத்திருக்கும். குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் படகு பக்கத்தில் வந்து நீண்ட கோலில் கட்டிய வலையை நீட்டும். அதில் கடவுச்சீட்டுகளைப் போட்டால் சரிபார்த்துத் திரும்பத் தருவார்கள். அந்த வலையில் நாய்க்கு இடமில்லை. மனிதர்களுக்கு அனுமதி கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்ற தோற்றம் வந்துவிடுகிறது, ஆனால் நாய்க்குரிய அதிகாரம் வேறொரு அமைப்பிடம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் பூடில் நாயை மூன்று நாளாகச் சோர்வு என்று கொண்டுவந்தார். ஈறு வெளுத்திருந்தது, காய்ச்சல் இருந்தது, காது மடிப்பில் உண்ணிகள். எங்கே போனீர்கள் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் பூங்கா என்றார். நான்காவது முறை, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டபோது, ஜோகூர்க் கரையோரம் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் படகை நிறுத்தியதையும், அங்கே ஒரு தெருநாய் பூடிலின் மேல் பாய்ந்ததையும் சொன்னார். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருந்தது, நாய் தேறியது. பாய்ந்த நாய் பற்றிய தகவலை நான் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் என்னிடம் வருவதில்லை. அதைப் பற்றி நான் இரண்டு விதமாக யோசித்திருக்கிறேன், ஆனால் செய்ததை மாற்றிச் செய்திருக்க முடியாது. மருத்துவரிடம் மறைத்த அந்த மூன்று நாளில் வீட்டிலிருந்த குழந்தைகள் அந்த நாயோடு படுத்திருந்தார்கள்.

எல்லை தாண்டாமல் நம் கடலுக்குள்ளேயே நாயோடு படகில் போவதில் ஒரு தடையும் இல்லை, இறங்கும் இடத்தில் நாய்க்கு அனுமதி உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே பயம் வெயிலைப் பற்றித்தான். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அந்த வழி பாதிதான் வேலை செய்கிறது, பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் இல்லை. நண்பகலில் படகின் மேல்தளத்தில் உங்கள் உள்ளங்கையை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. நல்ல தண்ணீர் அடிக்கடி கொடுக்க வேண்டும், ஏனெனில் தாகத்தில் கடல்நீரைக் குடித்த நாய் வாந்தியெடுத்து, இரத்தத்தில் உப்பேறி, வலிப்பு வரை போவதுண்டு. முதுகில் கைப்பிடியுள்ள மிதவைச் சட்டை அவசியம். ஈரமான முப்பது கிலோ நாயைக் கைப்பிடி இல்லாமல் நீரிலிருந்து தூக்கிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தூண்டிலும் இரையும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். குமட்டலுக்கு உங்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமைத் தம்பதியர் லேப்ரடாரை ஈசூனிலுள்ள மாமனார் வீட்டில் விட்டுவிட்டுப் பாத்தாமுக்குப் போய்வந்தார்கள். திங்கட்கிழமை காலை கணவர் மட்டும் நாயோடு வந்து, டிசம்பரில் மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போக விருப்பம், இப்போதே ரேபிஸ் ஊசி போட்டுத் தொடங்கலாமா என்று கேட்டார். போட்டேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தியோமானுக்குச் சிறு படகில் போவது நாய்க்கு மட்டுமல்ல, அவருக்கும் நல்லதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லி, ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன்.