சாவி வீட்டுக்குள், பூட்டு வெளியில்

ஈ.கோலை பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸ் என்றால் உயிர். குளுக்கோஸையும் பாலில் உள்ள லாக்டோஸையும் கலந்து வைத்தால், முதலாவது தீரும்வரை இரண்டாவதைச் சீந்தாது. தீர்ந்ததும் வளர்ச்சி சற்று நேரம் நிற்கும். அப்புறம் மறுபடி தொடங்கும். 1940களில் பாரிஸில் உயிரியலாளர் ஜாக் மோனோவைக் குடைந்தது இந்த இடைவெளிதான்.

அந்த நேரத்தில்தான் லாக் இசட் என்ற மரபணு முழுவீச்சில் இறங்குகிறது. அது தரும் நொதியின் பெயர் பீட்டா காலக்டோசிடேஸ். லாக்டோஸை குளுக்கோஸ், காலக்டோஸ் என இரண்டாக வெட்டுவது அதன் வேலை. ஒரே மாதிரியான நான்கு புரதச் சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேல் அமினோ அமிலங்கள். இவ்வளவு பெரிய உருப்படியைச் சும்மா செய்துகொண்டிருந்தால் கட்டுப்படியாகுமா? அதனால் லாக்டோஸ் இல்லாதபோது ஒரு தடுப்புப் புரதம் மரபணுவின் வாசலில் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதைக் கிளப்பிவிடுவது லாக்டோஸ் என்று பாடத்தில் படித்திருப்போம். முழுக்கச் சரியில்லை. லாக்டோஸின் உருமாறிய தம்பியான அல்லோலாக்டோஸ்தான் தடுப்புப் புரதத்தில் ஒட்டி அதன் பிடியைத் தளர்த்துகிறது. சரி, அல்லோலாக்டோஸைச் செய்வது யார்? அதே பீட்டா காலக்டோசிடேஸ்! சில சமயம் அது லாக்டோஸை வெட்டிப் பிரிக்காமல், இரு சர்க்கரைகளின் இணைப்பை இடம் மாற்றிவிடும். ஆக, நொதி உருவாக நொதி வேண்டும். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை.

ஆனால் பூட்டு அவ்வளவு கெட்டியில்லை. தடுப்புப் புரதம் அவ்வப்போது நழுவும். அந்தச் சந்தில் ஒருசில நொதிகள் பிறந்துவிடும். லாக்டோஸ் வந்ததும் அந்தச் சொற்பமே போதும், அளவு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு எகிறும். எனக்குப் பிடித்தது இந்தக் கசிவுதான். பூட்டு கச்சிதமாக இருந்திருந்தால் பாக்டீரியா பாலுக்குள்ளேயே பட்டினி கிடந்திருக்கும்.

இந்தத் தடுப்பு ஏற்பாட்டை மோனோவும் பிரான்சுவா ஜாக்கோபும் 1961இல் விளக்கினார்கள்; 1965இல் ஆந்த்ரே லுவாஃபுடன் நோபல் பரிசு.

இன்று ஆய்வகங்களில் லாக் இசட்டுக்கு வேறு பிழைப்பு. எக்ஸ்-கால் என்ற நிறமற்ற பொருளை இந்த நொதி வெட்டினால் நீலம் பிறக்கும். வேண்டிய மரபணுவை லாக் இசட் துண்டின் நடுவே செருகினால் நொதி கெட்டுவிடும், நீலம் வராது. மறுநாள் காலை பாக்டீரியா வளர்ந்த தட்டைத் திறந்தால் கண்ணைப் பறிப்பவை நீலப் புள்ளிகள். பல்குத்தும் குச்சியால் தொட்டு எடுப்பதோ, மரபணு செருகப்பட்ட வெள்ளைப் புள்ளிகளை.