ஷெவர்லே போல்ட் கார்கள் தீப்பிடித்தது எப்படி?

2021 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், அதுவரை விற்ற ஷெவர்லே போல்ட் மின்சாரக் கார்கள் அனைத்தையும், ஏறத்தாழ 1,42,000 வண்டிகளை, பேட்டரிக் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. தீப்பிடித்தவை மிகச் சிலவே. ஆனால் ஒரு மின்கலத்துக்குள் ஒளிந்திருக்கும் பழுது எந்த வண்டியில் உள்ளது என்று அப்போது உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

போல்ட் பேட்டரியில் 288 லித்தியம் அயனி மின்கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நேர்மின்முனை, எதிர்மின்முனைத் தகடுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். தலைமுடியைவிட மெல்லிய, நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் படலம் அவை ஒன்றையொன்று தொடாமல் காக்கும். எல்ஜி நிறுவனம் தயாரித்த சில மின்கலங்களில் எதிர்மின்முனைத் தகட்டின் இணைப்பு நாக்கு கிழிந்திருந்தது. சிலவற்றில் படலம் மடிந்திருந்தது. இரண்டும் ஒரே மின்கலத்தில் நேரும்போதுதான் தீ அபாயம் உண்டாகிறது என்பதே விசாரணையில் தெரியவந்தது.

மின்முனைகள் உள்ளுக்குள் தொட்டுக்கொண்டால் அந்த இடம் சூடேறுகிறது. சுமார் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி எதிர்மின்முனை மேலுள்ள காப்புப் பூச்சு சிதைந்து மேலும் வெப்பத்தை வெளியிடுகிறது. சுமார் 130 டிகிரியில் படலமே உருகத் தொடங்கி, மின்முனைகள் இன்னும் பரவலாகத் தொட்டுக்கொள்கின்றன. 200 டிகிரியைக் கடந்தால் நிக்கல் கலந்த நேர்மின்முனை தன்னுள் இருக்கும் ஆக்சிஜனையே விடுவிக்கிறது. எளிதில் எரியும் மின்பகு திரவமும் அருகிலேயே இருப்பதால், வெளிக்காற்றைத் தடுப்பதால் மட்டும் இந்த எரிதலை நிறுத்த முடியாது. ஒரு மின்கலத்தின் வெப்பம் அடுத்ததற்குத் தாவும் என்பதால், நீண்ட நேரம் தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. அணைந்த பிறகும் தீ மீண்டும் மூளக்கூடும்.

முழுமையாகச் சார்ஜ் ஏற்றும்போது அபாயம் கூடுவதற்கும் காரணம் உண்டு. எதிர்மின்முனையின் கிராஃபைட், லித்தியத்தை ஏற்று ஏறக்குறைய 10 சதவீதம் பருத்து, படலத்தை அழுத்துகிறது. லித்தியத்தை இழந்த நேர்மின்முனையோ வெப்பத்தைத் தாங்கும் திறனில் குறைந்துபோகிறது. ஆகவேதான் 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம், சார்ஜ் ஏற்றியதும் வண்டியை வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது.

முதல் அழைப்பு 2020 நவம்பரிலேயே வந்துவிட்டது. அப்போது மென்பொருளால் சார்ஜ் அளவை மட்டுப்படுத்தி, பின்னர் கோளாறு அறியும் மென்பொருளையும் ஏற்றினார்கள். அப்படிச் சரிசெய்யப்பட்ட வண்டிகளும் 2021இல் தீப்பிடித்தன. மடிந்த படலத்தை மென்பொருளால் நிமிர்த்த இயலாது. உரிமையாளர்கள் இந்தத் தற்காலிகத் தீர்வை நம்பிக் காத்திருக்க வேண்டியிருந்தது வருந்தத்தக்கது. பழைய வண்டிகளுக்குப் புதிய பேட்டரிகள் பொருத்தப்பட்டன. 2020 முதல் 2022 வரையிலான மாடல்களுக்கு 2023இல் மேம்பட்ட கண்காணிப்பு மென்பொருள் வந்தது: சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடும்வரை சார்ஜ் 80 சதவீதத்தில் நிறுத்தப்படும், அதற்குள் பிழை தென்பட்டால் பேட்டரி மாற்றப்படும், இல்லையேல் கட்டுப்பாடு தானாக நீங்கும்.