98 சதவீதத்தை நிபுணர்கள் ஏன் நம்புவதில்லை?

கணினி தனியாக மேசையில் உட்கார்ந்திருக்கக் கூடாது, சுற்றியுள்ள பொருள்களுக்குள்ளேயே கரைந்துவிட வேண்டும் என்று ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மார்க் வைசர் 1991-இல் எழுதினார். அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்த துறையின் முதன்மை மாநாடு யுபிகாம்ப். முனைவர் பட்ட மாணவர்கள் இன்னும் முடியாத ஆய்வை மூத்தவர்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்க அங்கே தனி அமர்வு உண்டு. "கைக்கடிகார சென்சாரை வைத்து ஒருவர் நடக்கிறாரா, படியேறுகிறாரா என்று கண்டுபிடிக்கிறோம், துல்லியம் 98 சதவீதம்" என்று ஒரு மாணவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிபுணர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "டேட்டாவை எப்படிப் பிரித்தீர்கள்?"

பல ஆய்வுகள் சரிவது இந்த இடத்தில்தான். காரணம் நுட்பமானது, அழகானதும்கூட.

கடிகாரத்துக்குள் அசைவை அளக்கும் சென்சாரான முடுக்கமானி மூன்று அச்சுகளில் (திசைகளில்) நொடிக்கு 50 முறை அளக்கிறது. முடிவில்லாமல் ஓடும் அந்த எண் வரிசையை, செயலை அடையாளம் காணக் கற்கும் நிரலான மாடலுக்கு அப்படியே கொடுக்க முடியாது; துண்டு போட வேண்டும். வழக்கமான துண்டு 2.56 நொடி, அதாவது 128 அளவீடுகள். இந்தத் துண்டைத்தான் சன்னல் என்கிறார்கள். ஒரு சன்னல் முடிந்த பிறகு அடுத்தது தொடங்குவதில்லை. 64 அளவீடுகள் தள்ளியே தொடங்கிவிடுகிறது. நாற்காலியில் உட்காரும் அசைவு ஒரு சன்னலின் விளிம்பில் பாதியாக வெட்டுப்பட்டாலும், அடுத்த சன்னலின் நடுவில் முழுதாக விழும். இதுவரை எந்தத் தவறும் இல்லை.

தவறு அடுத்த அடியில் நடக்கிறது. எல்லாச் சன்னல்களையும் ஒன்றாகக் கொட்டிக் கலைத்து, பத்துப் பங்காக்கி, ஒன்பதில் பயிற்சி கொடுத்து ஒன்றில் சோதிக்கிறார்கள். சோதனைக்குப் போன ஏதாவது ஒரு சன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு அண்டைச் சன்னல்கள் உண்டு. இரண்டும் தலா 64 அளவீடுகளை அதனோடு பகிர்ந்துகொள்கின்றன. ஓர் அண்டை பயிற்சிப் பக்கம் போகாமலிருக்க வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. இரண்டுமே போகாமலிருக்க நூறில் ஒன்று. ஆக, சோதனைச் சன்னல்களில் சுமார் 99 சதவீதத்தின் பாதியையாவது மாடல் ஏற்கெனவே பார்த்துவிட்டது! அது நடையைக் கற்றுக்கொள்ளவில்லை, எண்களை மனப்பாடம் செய்திருக்கிறது.

சன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி வெட்டினாலும் சிக்கல் தீராது. அடுத்தடுத்த சன்னல்களில் இருப்பது அதே ஆள், அதே நடை, அதே இறுக்கத்தில் கட்டிய வார். முடுக்கமானியில் பதிவாகும் புவியீர்ப்பு எந்த அச்சில் எவ்வளவு விழுகிறது என்பதுகூட அப்படியே இருக்கும். 2015 யுபிகாம்ப்பில் ஹாமெர்லா, ப்ளோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த அண்டைச் சார்பைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

மருந்து எளிது: சன்னல்வாரியாகப் பிரிக்காமல் ஆள்வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒருவரை முழுதாக ஒதுக்கிவைத்து, மற்றவர்களின் டேட்டாவில் பயிற்சி கொடுத்து, ஒதுக்கியவரிடம் சோதிக்க வேண்டும், இப்படி ஒவ்வொருவருக்கும். அளவீடுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரப் பயன்படும் சராசரி, திட்டவிலக்கம் (சிதறலின் அளவு) போன்ற எண்களையும் பயிற்சிப் பக்கத்திலிருந்து மட்டுமே கணக்கிட வேண்டும். அளவீடுகளிலிருந்து கணக்கிட்ட பண்புகளில் எவற்றை வைத்துக்கொள்வது என்ற தேர்வும் அப்படியே. பலரும் எடுத்தாளும், யுசிஐ (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், இர்வைன்) களஞ்சியத்தில் உள்ள டேட்டாத் தொகுப்பில் 30 பேர் இடுப்பில் போனைக் கட்டி 6 செயல்களைச் செய்திருக்கிறார்கள். 21 பேர் பயிற்சிக்கு, 9 பேர் சோதனைக்கு என்று ஆள்வாரியாகவே பிரித்துத் தந்திருக்கிறார்கள். அந்த இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கி மறுபடி கலைப்பவர், தயாராக இருந்த பாதுகாப்பைத் தானே உடைக்கிறார்.

துல்லியம் என்ற ஒற்றை எண்ணும் போதாது. பதிவில் 80 சதவீதம் உட்கார்ந்திருக்கும் நேரமென்றால், எதைக் கொடுத்தாலும் 'உட்கார்ந்திருக்கிறார்' என்று சொல்லும் மாடலுக்கும் 80 மதிப்பெண் கிடைத்துவிடும். ஒவ்வொரு செயலுக்கும் எஃப்1 மதிப்பை (தவறவிட்டதையும் தவறாகச் சொன்னதையும் சேர்த்துப் பார்க்கும் அளவு) தனியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுப்பது நல்லது.

முறையாகப் பிரித்ததும் எண் இறங்கும். இறங்கிய எண்ணோடு அமர்வுக்கு வருவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு நெறியாளர் துணை நிற்க வேண்டும். ஆராய்ச்சி நிதி தருபவர்களிடமும் எனக்கொரு கோரிக்கை உண்டு. புதிய சென்சாருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது, வெவ்வேறு வயதும் உடல்நிலையும் உள்ள கூடுதல் ஆட்களிடம் பதிவுசெய்வதற்குக் கொடுங்கள். ஆள்வாரியாகச் சோதிக்கும்போது ஆட்களின் எண்ணிக்கைதான் மாதிரியின் அளவு. பத்துப் பேரிடம் எடுத்த லட்சம் சன்னல்கள் அப்போதும் பத்துப் பேர்தான்.

அமர்வுக்குப் போகும் மாணவர் சராசரியோடு நிற்காமல், ஆளுக்கொரு வரியாக ஓர் அட்டவணை கொண்டுபோகட்டும். எல்லாரும் 85-க்கு மேல் நிற்க ஒருவர் மட்டும் 40-இல் விழுந்திருந்தால், பேச்சு அங்கிருந்துதான் சூடுபிடிக்கும். மற்றவர்கள் இடக்கையில் கட்ட, அவர் மட்டும் கடிகாரத்தை வலக்கையில் கட்டியிருக்கலாம். இடக்கையில் 3 மணிப் பக்கம் விரல்களை நோக்கும். வலக்கையில் அதே பக்கம் முழங்கையை நோக்கும். கையைத் தொங்கவிட்டால் அந்த அச்சில் புவியீர்ப்பின் கூட்டல்-கழித்தல் குறியே மாறிவிடும். ஒரே அச்சைத் திருப்பிப் போட்டு மீண்டும் ஓட்டினால் காரணம் அதுதானா என்று தெரிந்துவிடும்.