பாரபட்சமற்ற தேர்தல் அல்ல, கட்சி சாராத் தேர்தல்

கலிபோர்னியாவில் நவம்பர் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னாலேயே வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா, கும்பகோணம் பக்கம் ஊர், குடியுரிமை வாங்கிய பிறகு போடப்போகும் முதல் ஓட்டு. சாப்பாட்டு மேசையில் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் யாரோ தன்னார்வலர்கள் தமிழில் அச்சடித்துக் கொடுத்த துண்டறிக்கை. அதில் சமுதாயக் கல்லூரி (உள்ளூர் மக்களுக்கான இரண்டாண்டு அரசுக் கல்லூரி) நிர்வாகக் குழுத் தேர்தலைப் பற்றி ஒரு வரி: "இது பாரபட்சமற்ற பதவி, பாரபட்சமற்ற வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும்."

அக்கா கேட்டார்: "அப்போ மேல இருக்கிற கவர்னர், எம்.பி. எல்லாம் பாரபட்சமான பதவியா தம்பி?"

அந்த வரியைத் தமிழாகப் படிக்கிற எவருக்கும் வரவேண்டிய கேள்விதான் அது. 'நான்பார்ட்டிசன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் 'பாரபட்சமற்ற' என்று போடுவதை வானொலியில், கூட்டங்களில், அறிக்கைகளில் பல வருடமாகக் கேட்டுச் சகித்திருக்கிறேன். இந்தத் தடவை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

மூலச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'பார்ஸ்' என்றால் பகுதி, பங்கு. அதிலிருந்து ஒரு பக்கம் சேர்ந்தவர்களைக் குறிக்கும் 'பார்ட்டி' வந்தது. அந்தப் பக்கத்துக்காக நிற்பவரை இத்தாலியமும் பிரெஞ்சும் 'பார்ட்டிசன்' ஆக்கின. முன்னால் ஒரு எதிர்மறை ஒட்டு. அவ்வளவுதான். தமிழில் அதற்கு நேரான 'கட்சி' இன்னும் செழிப்பான சொல். புறநானூற்றில் 'கட்சி காணாக் கடமா' என்று வரும்போது அது புகலிடம். பிற்கால வழக்கில் ஒரு வாதத்தின் பக்கம். இரு தரப்பு எதிரெதிராக வாதாடிப் பாடும் லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று பாடுகிறவர் எரிந்த கட்சி, எரியவில்லை என்பவர் எரியாத கட்சி. வக்கீலுக்கு வழக்குக் கொண்டுவருபவர் இன்றைக்கும் கட்சிக்காரர்தான். தேர்தல் கட்சி இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த பொருள். ஆகவே பார்ட்டி என்பதற்கு நம்மிடம் சொல் பஞ்சமே இல்லை. பிறகு ஏன் 'பட்சத்'துக்குப் போனார்கள்?

பக்ஷம் வடமொழியில் சிறகு, பக்கம். பாரபட்சம் என்றால் ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்தும் ஓரவஞ்சனை. இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் நெய் ஊற்றினால் பாரபட்சம். வாத்தியார் மார்க்கில் காட்டினால் பாரபட்சம். தமிழில் அது குற்றம் சுமத்தும் சொல். ஆகவே 'பாரபட்சமற்ற தேர்தல்' என்றால் தமிழ்க் காதுக்குத் தில்லுமுல்லு இல்லாத, நேர்மையாக நடந்த தேர்தல் என்றுதான் விழும். எல்லாத் தேர்தலும் அப்படித்தான் நடக்கவேண்டும். ஒரு பதவிக்கு மட்டும் அந்த அடைமொழியைக் கட்டினால் மற்றப் பதவிகளின் மேல் பழி விழுகிறது. அக்கா கேட்ட கேள்வி அதைத்தான் பிடித்தது.

இதைவிட மோசம் 'பாரபட்சமற்ற வேட்பாளர்'. கல்லூரி நிர்வாகக் குழுவுக்கு நிற்கிறவருக்கு எத்தனையோ சாய்வுகள் இருக்கும், இருக்கவும் வேண்டும். பகுதி நேர ஆசிரியர்களுக்குச் சம்பளம் கூட்டவேண்டும் என்பார் ஒருவர். கட்டடக் கடன் பத்திரம் வேண்டாம், சொத்துவரி ஏறும் என்பார் இன்னொருவர். நர்சிங் வகுப்புக்கு இடம் கூட்டுவேன் என்பார் மூன்றாமவர். அதைத் தெரிந்துகொள்ளத்தானே ஓட்டுப் போடுகிறோம்? இதே காரணத்தால் 'நடுநிலைப் பதவி' என்பதையும் தள்ளுகிறேன். தராசுபோல் ஒரு பக்கம் கோடாமை சான்றோர்க்கு அணி என்று குறள் சொல்வது சரி. கல்லூரியின் வரவு செலவைத் தீர்மானிக்கப்போகிறவரை 'நான் எந்தப் பக்கமும் இல்லை' என்று நிறுத்தினால் அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்தது 'சுயேச்சைத் தேர்தல்'. இதற்கு ஆதரவாளர்கள் அதிகம், நல்ல தமிழ் எழுதுகிறவர்கள்கூட. சுய இச்சை, தன் விருப்பம். வடசொல் என்பதற்காக மட்டும் நான் இதை ஒதுக்கவில்லை. சுயேச்சை என்ற சொல்லுக்கு உயிர் வருவதே மற்றவர்கள் கட்சியில் நிற்கும்போதுதான். நாலு பேர் கட்சிச் சின்னத்தில் நிற்க, ஐந்தாமவர் கட்சிச் சின்னமில்லாமல் நிற்கிறாரே, அவர் சுயேச்சை. எல்லோருக்கும் கட்சிப் பெயர் எடுக்கப்பட்ட இடத்தில் யாரும் சுயேச்சை இல்லை. நம் ஊர் வழக்கில் அந்தச் சொல்லோடு ஒரு இளப்பமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அக்கா உடனே சொன்னார்: "சுயேச்சையா? டெபாசிட் போயிடுமே." செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர் கட்டுத்தொகை இழக்கும் ஊரிலிருந்து வந்தவருக்கு வேறென்ன தோன்றும்?

இந்தச் சொல் ஆங்கிலத்திலேயே செய்த குழப்பத்தைக் கலிபோர்னியா நன்றாக அறியும். இங்கே 'அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி' என்று ஒரு கட்சி உண்டு. 1968-இல் நிறவெறி அரசியல் பேசிய ஜார்ஜ் வாலஸ் ஜனாதிபதி பதவிக்கு நின்ற காலத்தில் கிளம்பியது. எந்தக் கட்சியும் வேண்டாம் என்று நினைத்த எத்தனையோ பேர், பெயரில் 'இண்டிபெண்டன்ட்' இருப்பதைப் பார்த்து, வாக்காளர் பதிவில் அந்தக் கட்டத்தில் குறியிட்டுவிட்டார்கள். 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளேடு விசாரித்தபோது அந்தக் கட்சியில் பதிவானவர்களில் நாலில் மூன்று பங்குக்குப் பக்கமானவர்கள் தாங்கள் எந்தக் கட்சியிலும் இல்லை என்றே நம்பியிருந்தார்கள். ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததன் விளைவு அது. இதைத் தமிழில் 'அமெரிக்கச் சுயேச்சைக் கட்சி' என்றும், கல்லூரித் தேர்தலைச் 'சுயேச்சைத் தேர்தல்' என்றும் ஒரே அறிக்கையில் எழுதினால் படிக்கிறவர் கதி என்ன?

சரி, அந்த ஆங்கிலச் சொல் இங்கே உண்மையில் எதைக் குறிக்கிறது? வாக்குச்சீட்டின் அமைப்பைக் குறிக்கிறது. கலிபோர்னிய அரசியலமைப்புச் சட்டம் நீதிமன்றம், பள்ளி, கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), நகரப் பதவிகளைக் கட்சி சாராதவை என்று வகுத்திருக்கிறது. இதன் வேர் 1910-களில். சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி கட்சி அமைப்புகளைக் கைக்குள் வைத்துக்கொண்டு மாநிலத்தையே ஆட்டிவைத்த காலத்தில், ஆளுநர் ஹைரம் ஜான்சனின் சீர்திருத்த அணி உள்ளூர்ப் பதவிகளிலிருந்து கட்சிப் பெயரைக் கழற்றியது. சமுதாயக் கல்லூரி மாவட்டங்களும் (ஒன்றோ பலவோ கல்லூரிகளை நடத்தும் வட்டாரங்கள்) அந்த வழியில்தான் நடக்கின்றன. 116 கல்லூரிகள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பெரும்பாலும் ஐந்தோ ஏழோ உறுப்பினர்கள் கொண்ட குழு, நாலு வருடப் பதவி. கல்லூரித் தலைமையை நியமிப்பதும் பட்ஜெட்டை நிறைவேற்றுவதும் கடன் பத்திரத்தை மக்கள் வாக்குக்கு அனுப்புவதும் இவர்கள்தான். அந்தப் பத்திரம் 55 சதவீத ஓட்டில் நிறைவேறிவிட்டால் வீட்டுச் சொத்துவரி ரசீதில் வந்து நிற்கும்.

சீட்டில் இவர்கள் பெயருக்குக் கீழே கட்சி இராது. அதிகம் போனால் மூன்று சொல்லில் அவர் தொழில் இருக்கும்: 'கல்லூரிப் பேராசிரியர்', 'சிறுதொழில் உரிமையாளர்' என்கிற மாதிரி. வாக்காளர் கையேட்டில் தன்னைப் பற்றி எழுதும் அறிக்கை வழக்கமாக 200 சொல்லுக்குள். அதிலும் கட்சியைக் குறிப்பிடச் சட்டம் விடாது. ஆனால் அந்த மனிதர் கட்சி உறுப்பினராக இருக்கலாம், கட்சி கூட்டத்தில் மைக் பிடிக்கலாம். கட்சி அவருக்கு ஆதரவும் அறிவிக்கலாம். 1986-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 49-ஆம் முன்மொழிவு அப்படி ஆதரவு அறிவிக்கக்கூடாது என்றது. பேச்சுரிமைக்கு முரண் என்று வழக்காகி, 1991-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இன்று கட்சிகள் தாராளமாக அறிவிக்கின்றன.

ஆக, கட்சி சாராதது பதவி, ஆள் அல்ல. என் வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. அடைமொழியைப் பதவிக்கும் தேர்தலுக்கும் மட்டும் கொடுக்கவேண்டும்: கட்சி சாராப் பதவி, கட்சி சாராத் தேர்தல். 'கட்சி சாரா வேட்பாளர்' என்று எழுதியவுடன் பொய்யாகிவிடுகிறது. அவர் முப்பது வருடக் கட்சிக்காரராக இருக்கக்கூடும்.

'கட்சியற்ற தேர்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் ஒத்துவராது. ஜெயப்பிரகாஷ் நாராயண் பேசிய கட்சியற்ற ஜனநாயகம் வேறு. அது கட்சிகளே வேண்டாம் என்ற கொள்கை. இங்கே கட்சிகள் தெருவெல்லாம் இருக்கின்றன, சீட்டில் மட்டும் இல்லை.

'கட்சி சார்பற்ற' என்பதோடு எனக்குச் சண்டை இல்லை. தமிழ்நாட்டில் வாழும் வழக்கு அது. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சி சார்பற்ற முறையில் நடக்கிறது. ஊராட்சி ஒன்றியமும் மாவட்ட ஊராட்சியும் கட்சி அடிப்படையில். 2019 டிசம்பரில் கிராமத்து வாக்காளர் கையில் நாலு சீட்டு: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னங்கள். மற்ற இரண்டில் பூட்டு சாவி, ஆட்டோ. தலைவருக்கு நிற்பவர் எந்தக் கட்சி என்பது டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும், சீட்டுக்குத் தெரியாது. கலிபோர்னிய ஏற்பாடும் சாரத்தில் இதுவே. இப்படி ஒரு சொல் சட்டத்திலும் செய்தித்தாளிலும் புழங்கிக்கொண்டிருக்கும்போது, அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்களை என்ன சொல்வது? மொழிபெயர்க்க வருகிறவர் அகராதிக்கு முன்னால் ஊராட்சித் தேர்தல் அறிவிப்பு ஒன்றையாவது படிக்கவேண்டாமா?

இருந்தும் 'சார்பற்ற'வைவிடச் 'சாரா'வை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. நீளமான சொற்றொடரை எழுதுகிறவர்கள் தலையை வெட்டிவிடுவார்கள். 'கட்சி சார்பற்ற தேர்தல்' இரண்டாம் பத்தியிலேயே 'சார்பற்ற தேர்தல்' ஆகிவிடும். மூன்றாம் பத்தியில் அதைப் படிப்பவர் 'நடுநிலையான தேர்தல்' என்று புரிந்துகொள்வார். நாலாமவர் 'பாரபட்சமற்ற' என்று எழுதுவார். பழைய குழிக்கே திரும்பி வந்தாயிற்று. 'சாராத் தேர்தல்' என்று தனியாக யாரும் எழுத முடியாது. எதைச் சாரா என்ற கேள்வி உடனே நிற்கும். 'கட்சி' என்ற சொல்லை அது விட்டுக்கொடுக்காது. 'அணிசேரா நாடுகள்' இத்தனை காலம் சிதையாமல் இருப்பதும் அதே கட்டுமானத்தால்தான்.

அந்தத் துண்டறிக்கையில் இன்னும் இரண்டு இடறல். குழுவுக்கு 'அறங்காவலர் குழு' என்று போட்டிருந்தார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப் பெயர்ப்புதான். ஆனால் தமிழ்நாட்டில் அறங்காவலர் என்றால் கோயில். அக்காவும் முதலில் சிவா விஷ்ணு கோயிலுக்குத்தான் ஏதோ தேர்தல் என்று நினைத்தாராம். மக்கள் ஓட்டுப் போட்டு அமைக்கும் குழுவைக் கல்லூரி ஆட்சிக்குழு என்று சொல்லலாம். பல்கலைக்கழகங்களில் பழகிய சொல். இரண்டாவது, 'இன்ன கட்சியால் அங்கீகரிக்கப்பட்ட வேட்பாளர்'. அங்கீகாரம் தேர்தல் ஆணையம் கட்சிக்குக் கொடுப்பது. கட்சி ஒருவருக்காக வாய் திறந்து சொல்வது ஆதரவு. 'கட்சியின் ஆதரவு பெற்றவர்' என்றால் போதும். ஒருகாலத்தில் 'அபேட்சகர்' என்று நின்றுகொண்டிருந்தவரை 'வேட்பாளர்' ஆக்கிய மொழி இது. வேட்பு என்றால் விருப்பம், எத்தனை அழகாகப் பொருந்தியிருக்கிறது பாருங்கள். அந்தக் கவனத்தில் பாதியாவது இன்று எழுதுகிறவர்களிடம் இருக்கக்கூடாதா என்று மனசு ஆறவில்லை.

அக்காவிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. "ஊர்ல பஞ்சாயத்துத் தலைவர் எலெக்‌ஷன் மாதிரி அக்கா, கட்சிச் சின்னம் கிடையாது" என்றேன். அவ்வளவுதான், முகம் தெளிந்துவிட்டது. "எங்க வீட்ல மத்ததுக்கெல்லாம் சின்னம் பார்த்துக் குத்துவோம். தலைவருக்கு மட்டும் ஆள் பார்த்துத்தான் போடுவோம். ரோடு போட்டுத் தருவானா, தண்ணி விடுவானானு" என்றார். பிறகு கையேட்டைத் தன் பக்கம் இழுத்து, மூன்று பேர் அறிக்கையையும் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டச் சொன்னார். மாலை நேர வகுப்பைப் பற்றி ஒருவர்தான் எழுதியிருந்தார். மருமகள் வேலை முடிந்து போய்ப் படிக்கிற கல்லூரி அது. பேனாவை எடுத்து அந்த வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு, "இவரு எந்தக் கட்சி தம்பி?" என்றார். தெரியாது என்றேன். "சரி விடு, அடுத்த பக்கத்தைத் திருப்பு."

துண்டறிக்கையின் மறுபக்கத்தில் அந்த வரியைத் திருத்தி எழுதி, அதை அச்சடித்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்: "கல்லூரி ஆட்சிக்குழு உறுப்பினர். இது கட்சி சாராப் பதவி. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சிப் பெயர் இராது."