கிரிஸ்டல் எரியவில்லை, உடைத்துவிடாதீர்கள்

நேற்று மறுபடி ஒரு நல்ல லித்தியம் நியோபேட் கிரிஸ்டல் (லேசரின் நிறத்தை மாற்ற நாங்கள் வைக்கும் படிகம்) உடைந்து போய்விட்டது. இந்த வருடத்தில் இது மூன்றாவது.

இரண்டு வாரம் முன்பு ஓர் ஆராய்ச்சி மாணவர் டப்பாவை நீட்டினார். "எரிஞ்சிடுச்சு சார், புதுசு வாங்கணும்." கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை 532 நானோமீட்டர் பச்சையாக மாற்ற வைத்திருந்தார். காலையில் வட்டமாக இருந்த பச்சைப் புள்ளி, ஒரு மணி நேரத்தில் இசட் அச்சு (படிகத்தின் முக்கிய அச்சு) பக்கமாக இழுத்துக்கொண்டு சிதறிவிட்டதாம். பவரும் இறங்கிவிட்டது.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். குழி இல்லை, கருகல் இல்லை. எரிந்தால் தடம் இருக்கும் அய்யா! நடந்தது வேறு. வெளிச்சம் பட்ட இடத்து எலக்ட்ரான்கள் நகர்ந்து இருட்டான ஓரங்களில் தேங்குகின்றன. அதனால் உள்ளே மின்புலம் உண்டாகி ஒளிவிலகல் எண் (ஒளி எவ்வளவு வளையும் என்ற அளவு) அங்கங்கே மாறிவிடுகிறது, புள்ளி சிதறுகிறது. 1966-இல் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின் குழு சொன்ன விஷயம்தான். இதற்கு 'ஒளிச்சேதம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதுதான் வினை. சேதம் என்றதும் குப்பைத்தொட்டியைத் தேடுகிறார்கள். மின்புலத்துக்கு இப்படி வளைந்துகொடுக்கும் குணத்துக்காகத்தான் ஃபைபர் தகவல்தொடர்பில் ஒளியில் தகவலை ஏற்றும் மாடுலேட்டர்களில் இதே கிரிஸ்டலை வைக்கிறோம்.

சரி, 200 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாக ஏற்றி, சில மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிட்டேன். புள்ளி பழையபடி வட்டமாக வந்தது.

நேற்று மறுபடி சிதறியதும், அந்த மாணவரே எடுத்துச் சூடான ஹாட் பிளேட்டில் நேராக வைத்துவிட்டார். 'டிக்' என்று ஒரு சத்தம். குறுக்கே விரிசல். இதற்கு மருந்தே கிடையாது.

இது கண்ணாடி இல்லை, தம்பிகளா. ஃபெரோஎலக்ட்ரிக் படிகம், அதாவது உள்ளுக்குள் தானாகவே மின்முனைவு கொண்டது. வெப்பம் மாறினாலே இசட் முகங்களில் (இசட் அச்சின் இரு முனைகளில் உள்ள பரப்புகளில்) மின்னூட்டம் ஏறும். வேகமாக மாறினால் பொறிகூடப் பறக்கும். ஆறும்போது பக்கத்துத் தூசி தானாக எழும்பி வந்து ஒட்டுகிறதா? மின்னூட்டம் ஏறிவிட்டது, சாமணத்தைக் கீழே வையுங்கள்.

நான் நிமிடத்துக்கு 2, 3 டிகிரிக்கு மேல் ஏற்றுவதில்லை, இறக்குவதும் இல்லை. அடுப்பில் வைக்கும் முன் மின்னூட்டம் தேங்காமல் இருக்க இரண்டு இசட் முகங்களையும் அலுமினியம் ஃபாயிலால் இணைத்துவிடுங்கள். தூசி ஊதும் ஸ்பிரே கேனைக் கவிழ்த்து அடிக்கவே கூடாது. பனிபோல் திரவம் வந்து விழும், அந்தத் திடீர்க் குளிரும் இதற்கு ஆகாது. புதிதாக வாங்கினால் 5 மோல் சதவீதம் மக்னீசியம் ஆக்சைடு கலந்ததைக் கேளுங்கள், பச்சைக்கு அது எவ்வளவோ தாங்கும். அதற்கு முன்னால், தயவுசெய்து, பழையதை ஒரு தடவை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள்.