பிளேஸ்மென்ட்: தங்குமிடமா, வளர்ப்பிடமா?

'குழந்தைகளுக்கான வேலைவாய்ப்புப் பற்றாக்குறை' என்று ஒரு மொழிபெயர்ப்பு. இங்கிலாந்தின் குழந்தைகள் நலத்துறை பற்றிய செய்தி அது. கல்லூரிகளில் புழங்கும் 'பிளேஸ்மென்ட்'டை யோசிக்காமல் தூக்கிவந்து ஒட்டியிருக்கிறார்கள். குழந்தைக்கு வேலை கிடைக்கவில்லை என்று அரசு கவலைப்பட வேண்டுமாம்!

கிரேக்கத்தில் அகன்ற தெருவைக் குறித்த சொல், லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'பிளேஸ்' ஆனது. விகுதி சேர்ந்தால் ஓரிடத்தில் வைத்தல். பெற்றோரிடம் இருக்க முடியாத குழந்தையை வளர்ப்புக் குடும்பத்திலோ உறவினர் வீட்டிலோ காப்பகத்திலோ சேர்ப்பதும், சேர்க்கும் இடமும் இத்துறையில் பிளேஸ்மென்ட்.

'இட ஒதுக்கீடு' என்பாரும் உண்டு. அதைப் படித்ததும் நம்மவர் நினைப்பு எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம்.

இவற்றைவிட ஆபத்தானது 'தங்குமிடம்'. சரியான சொல் போலவே இருக்கும், அதுதான் சிக்கல். தங்குமிடம் என்றால் கூரையும் கட்டிலும் போதும். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில், பராமரிப்பு தராத வெறும் தங்கும் விடுதிகளில் 16 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்ப்பதையே தடை செய்தார்கள். தங்குமிடம் வேறு, பிளேஸ்மென்ட் வேறு என்று விதியே பிரித்துவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் மறுபடி ஒட்டவைக்கிறார்கள். 2022இல் அந்நாட்டில் வணிகப் போட்டி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் 'போட்டி, சந்தை ஆணைய'த்தின் அறிக்கையும் கட்டில்களை எண்ணவில்லை. ஏற்ற வகை இல்லம், ஏற்ற ஊரில் கிடைக்கவில்லை என்றது. குழந்தை வீட்டையும் பள்ளியையும் விட்டுத் தொலைதூரத்தில் போய் இருக்க நேர்கிறது. 'தங்குமிடப் பற்றாக்குறை' என்று எழுதினால் இதில் எது தெரியும்? நாலு கட்டடம் கட்டினால் தீர்ந்தது என்றுதான் தோன்றும்.

'அடைக்கலம்' எனக்குப் பிடித்த சொல். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைப்பது அடைக்கலமாகத்தான். ஏற்றவருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் இன்று அது அரசியல் தஞ்சம் என்றே ஒலிக்கிறது. அதனால் 'வளர்ப்பிடம்' என்பேன். குழந்தையை வளர்ப்பிடத்தில் சேர்த்தார்கள், வளர்ப்பிடங்கள் போதவில்லை: எந்த வாக்கியத்திலும் இடறாது. காப்பகத்துக்குப் பொருந்துமா என்றால், அங்கேயும் குழந்தை வளரத்தானே செய்கிறது?

அப்புறம், இத்துறையில் இடறும் இன்னொரு ஆங்கிலச் சொல், 'ஓவர்சைட்'. போதுமான வளர்ப்பிடங்களுக்கு உள்ளாட்சி மன்றங்கள் இயன்றவரை வழிசெய்ய வேண்டும் என்கிறது அங்குள்ள சட்டம். அதைச் செய்கிறார்களா என்று அரசு கேட்பது மேற்பார்வை. 'கண்காணிப்பு' என்றால் கேமராதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கவனக்குறைவு என்றும் பொருள் உண்டு. 'அரசின் கவனக்குறைவு' என்று பெயர்த்தவர்மேல் மட்டும் எனக்கு அவ்வளவாகக் கோபமில்லை.